நெருப்பில் கிடந்த வில்லை

நெர்மானா சிகரெட்டை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. உலோகச் சோதனைக் கூடத்தின் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டி வந்தால் முக்காலியில் ஒரு முழங்காலை மட்டும் ஊன்றிக் குனிந்துகொள்வாள். சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறிப்பாள், தோலை உள்ளங்கையில் துப்பி அதே பையில் போட்டுக்கொள்வாள்.

"அம்மா தாயே, ஒரு நிமிஷம் உட்காரேன். உன்னைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது," என்றார் ஸ்வோன்கோ. கூடத்துக்குப் பொறுப்பாளர் அவர்தான்.

"தலை சுத்தறது நேத்து குடிச்சதால, தலைவரே. பழியை என் மேல போடாதீங்க."

"நேத்து துக்கத்துல குடிச்சேன். ஸ்பெயின்காரனுக்கு அந்தப் பெனால்டியைத் தூக்கிக் குடுத்தானே, அதைப் பார்த்துட்டு எவன் சும்மா இருப்பான்?"

1982ஆம் ஆண்டு, ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. ஸெனிட்ஸா நகரம் முழுவதும் உலகக் கோப்பைக் கால்பந்தில் நடுவர் கொடுத்த அந்தப் பெனால்டியைத்தான் பேசிக்கொண்டிருந்தது. எஃகு ஆலையின் செம்மண் நிறப் புகைகூட அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை.

அப்போதுதான் யெலோவாட்ஸ் சுரங்கத்தின் பொறியாளர் திரிவுன் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். தொப்பியைக் கழற்றவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. பழைய மிட்டாய் டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் ஒரு பித்தளை வில்லை கிடந்தது. பெரிய கோட்டுப் பொத்தானைவிடச் சற்று அகலம். கறுத்து, பச்சை பிடித்து, புழு அரித்த இலை மாதிரி முகமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது.

"இதுல ஒரு நம்பர் இருந்துச்சு. அது எனக்கு வேணும்," என்றார்.

யெலோவாட்ஸில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் அங்கே வாயு வெடித்தது. கீழே இருந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் மேலே வந்தார்கள். ஹசிப், ஒப்ரென் என்ற இருவர் வரவில்லை. எட்டு வருடமாக ஒரே இடத்தில் ஜோடியாக வேலை செய்தவர்கள். நெருப்பை அணைக்க முடியாமல் அந்தப் பகுதியையே சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள், பிறகு உள்ளே தண்ணீரையும் விட்டார்கள். நாலு மாதம் கழித்துப் போன வாரம்தான் சுவரை உடைத்தார்கள். உள்ளே ஒரே ஓர் உடல். அதற்கு அப்பால் கூரை இடிந்து விழுந்து பாதை அடைந்து கிடந்தது.

"முகம், துணிமணி ஒண்ணும் மிஞ்சல," என்றார் திரிவுன். "ரெண்டு பேரும் ஒரே உயரம். ரெண்டு பேருக்கும் கம்பெனி பூட்ஸ்தான். டாக்டர் பார்த்துட்டுக் கையை விரிச்சுட்டார். இடுப்பு வாருல இது தொங்கிட்டு இருந்துச்சு. ஹசிப்புக்கு முந்நூத்திப் பதினெட்டு, ஒப்ரெனுக்கு முந்நூத்தி அம்பத்திரெண்டு. இதுல ஒண்ணு."

"வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் நெர்மானா.

திரிவுன் டப்பாவின் மூடியைக் கையில் திருப்பினார். "ஹசிப்போட பொண்டாட்டி ஷெஃபிகா, என் புருஷன்தான் அது, குடுங்க, நான் அடக்கம் பண்ணணும்னு சொல்லுது. ஒப்ரெனோட அம்மா ஸ்தானா, அது என் பையன் இல்லவே இல்லைங்குது. அவன் எங்கேயோ உயிரோட இருக்கான்னே பேசுது. நாலு மாசம் கழிச்சு! அந்தம்மா தோண்டவும் வேணாங்குது. தோண்டினா பொணம்தானே கிடைக்கும், என் பையன்தான் பொணமே இல்லையேங்குது."

"அப்ப நம்பர் எதுக்கு? ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றாங்க," என்றார் ஸ்வோன்கோ.

"காகிதத்துல வேணும். மசூதியிலேருந்து ஹோட்ஜா வந்து புதைக்கணுமா, சர்ச்சுலேருந்து பாதிரியார் வந்து புதைக்கணுமான்னு நான் எழுத்துல காட்டணும்."

அவர் போனதும் நெர்மானா வில்லையை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். இந்த வேலை அவளுக்குப் புதிதல்ல. போலீஸ்காரர்கள் எண் ராவப்பட்ட துப்பாக்கிகளை இரண்டு முறை கொண்டுவந்திருந்தார்கள். எஃகோ பித்தளையோ, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எண் பொறிக்கும் ‘பஞ்ச்’ என்ற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு முடிந்துவிடுவதில்லை. பள்ளத்துக்கு அடியில் உள்ள மணிகளும் நசுங்கிக் கோணிப்போகும். மேலே உள்ள எண்ணை ராவி எடுத்தாலும் அடியில் நசுங்கியது நசுங்கியதுதான். நன்றாக மெருகேற்றி ஆசிட் தடவினால், நசுங்கின இடத்தை ஆசிட் வேகமாகத் தின்னும். போன எண் நிழல்போல மேலே வரும்.

உப்புத்தாளில் வில்லையை மெல்லத் தேய்த்தாள். நரநரப்பான தாளிலிருந்து வழுவழுப்பான தாளுக்கு மாறி, கடைசியில் துணிச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றினாள். பொத்தல்களுக்கு நடுவே பொன் நிறம் தெரிந்தது. ஆசிட்டில் பஞ்சை நனைத்துத் தடவிவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தடவினாள். அப்போதும் வரவில்லை. எல்லா இடத்தையும் ஆசிட் ஒரே மாதிரி தின்றிருந்தது.

ஸ்வோன்கோ தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "நெருப்பு," என்றார்.

"தெரியும்."

"சூட்டுல கிடந்திருக்கு. நசுங்கின மணியெல்லாம் போய், நசுங்காத புது மணி முளைச்சிருக்கும். அடி வாங்கினதே மறந்து போச்சு. இன்னொரு தடவை தேய்ச்சேன்னா மிச்சம் இருக்கிற தோலும் போயிடும். படிக்க முடியலைன்னு எழுதிக் குடுத்துடு."

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அவள் எழுதவில்லை. விதைத் தோலைப் பையில் போட்டாள், ஜன்னல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது நடைகூடத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் வரச் சொல்லவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். ஷெஃபிகாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலைக்குட்டையை இழுத்து முடிந்திருந்தாள், மடியில் துணி மூடிய ஒரு தட்டு. பக்கத்தில் கறுப்பு உடையில் ஸ்தானா, எழுபது வயதிருக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"நீதான் பார்க்கிற பொண்ணா?" என்று ஷெஃபிகா எழுந்தாள். "கீரை வச்சுச் சுட்ட பித்தா கொண்டாந்தேன். சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்கே."

"இன்னும் ஒண்ணும் தெரியலை. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் சொல்லி அனுப்பறேன்."

"வீட்டுல என்ன இருக்கு? பிள்ளைங்க எங்கம்மாகிட்ட இருக்கு. நாங்க இங்கேயே இருக்கோம். தொந்தரவு பண்ண மாட்டோம்."

ஸ்தானா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்குத் துணையா வந்தேன், அவ்வளவுதான். அதுல எனக்கு ஒண்ணும் இல்லை. அது ஹசிப்போடது. பாவம், நல்ல பையன். எங்க வீட்டுல எவ்வளவு தடவை சாப்பிட்டிருக்கான்."

ஷெஃபிகா தலையைக் குனிந்துகொண்டு தட்டின் துணியைச் சரிசெய்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து பிட்டுச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் நடுவே பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது.

அன்று நெர்மானாவுக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வேறு வேலை எடுத்தாள், அதைப் பாதியில் விட்டாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் நான்கு கண்கள் தன் கையைப் பார்ப்பது தெரிந்தது. பதினொரு மணிக்குத் திரிவுன் போன் செய்தார்.

"என்ன ஆச்சு, தோழர் நெர்மானா?"

"சூட்டுல அழிஞ்சு போயிருக்கு. சாதாரண வழியில படிக்க முடியலை."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்ப முந்நூத்திப் பதினெட்டுன்னு எழுதுங்க."

"எப்படி எழுதறது? தெரியலைங்கறேன்."

"இதப் பாருங்க. அது ஹசிப்னு எழுதினா ஒருத்தி புருஷனை அடக்கம் பண்ணிட்டு அழுது தீர்ப்பா. இன்னொருத்தி பையன் இருக்கான்னு நம்பிட்டே காலத்தைத் தள்ளிடுவா. யாருக்கு நஷ்டம்? அது ஒப்ரென்னு வந்துச்சுன்னா ஒரே நாள்ல ரெண்டு பேரையும் கொல்றீங்க. அதோட விடாது. ஷெஃபிகா என் புருஷனைத் தோண்டி எடுன்னு நிப்பா. அந்தக் கூரையை நீங்க பார்க்கலை. நான் பார்த்தேன். நாலு ஆளை உள்ள அனுப்பினா நாலு பேரும் திரும்பி வருவாங்கன்னு யார் எனக்கு எழுதிக் குடுப்பா?"

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அதனால்தான் அவளுக்கு மேலும் கஷ்டமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் பின்வாசல் வழியாக வெளியே போனாள். பொஸ்னா ஆற்றங்கரையில் பாலம் வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடியும் பாலம் வரைக்கும் நடந்தாள். பெட்டிக்கடை வாசலில் நின்று சிகரெட் பாக்கெட்டுகளை வெறித்துப் பார்த்தாள். கடைக்காரர் எந்த பிராண்ட் என்று கேட்டதும் நகர்ந்துவிட்டாள்.

திரிவுன் சொல்வதில் தப்பு எங்கே என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. எழுதிவிடலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஸ்வோன்கோவே கையெழுத்துப் போடுவார். ஆனால் ஷெஃபிகா வருடாவருடம் போய் இன்னொருவன் கல்லறைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பாளே என்று நினைத்ததும் அவள் கால் தானாகவே வேகம் பிடித்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து, என்ன செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் வில்லையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். இதுவரை வெறும் கண்ணால்தானே நிழல் வருகிறதா என்று பார்த்தாள். இப்போது முழங்காலை முக்காலியில் ஊன்றி, குறைந்த உருப்பெருக்கத்தில் வில்லையின் ஓரத்திலிருந்து தொடங்கி நுண்ணோக்கியின் தட்டை நகர்த்தினாள்.

பெரிய மணிகள். தேன்கூட்டு அறைகள்போலப் பருமனாக, உள்ளே ரிப்பன் ரிப்பனாக நேர்க்கோடுகள் ஓட, நசுங்காத பித்தளை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன. அவள் நகர்த்திக்கொண்டே போனாள். திடீரென்று இயல்புக்கு மீறிப் பெருத்த இரண்டு மூன்று மணிகள் வந்தன. அதற்கு அடுத்தாற்போல் ரவை கொட்டினாற்போல் பொடி மணிகள். மறுபடி பெருத்தவை. மறுபடி சாதாரணமானவை.

அவள் கை நின்றது.

"தலைவரே!"

"என்ன? யார் கோல் போட்டா?"

"இங்க வாங்க. சும்மா வாங்க."

ஸ்வோன்கோ வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"எல்லாம் மறந்து போச்சுன்னு சொன்னீங்களே," என்றாள் நெர்மானா. பேச்சு தடதடவென்று வந்தது. "மறக்கலை. நல்லா நசுங்கின இடத்துல சூடு பட்டதும் ஆயிரம் இடத்துல புது மணி முளைக்கும். ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு வளர இடமில்லாம பொடியாவே நின்னுடும். லேசா நசுங்கின ஓரத்துல ரெண்டோ மூணோதான் முளைக்கும். அது தாராளமா வளர்ந்து பெருத்துடும். அடியே வாங்காத இடம் அப்படியே கிடக்கும். பொடி மணி எங்கெங்கே இருக்குன்னு பார்த்தா பஞ்ச் எங்கே விழுந்துச்சுன்னு தெரியும்!"

"சூடு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா எல்லாமே வளர்ந்து ஒண்ணாயிருக்கும்."

"ஏறலையே!"

ஸ்வோன்கோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. ஆனா இதை வச்சுக்கிட்டு ஒருத்தன் பேரைச் சொல்லப் போறே. திரிவுன் வந்து, இதெல்லாம் மேகத்துல ஆடு தெரியற கதைன்னு சொன்னா என்ன பண்ணுவே?"

அந்தக் கேள்வி அவளை மறுநாள் காலையில் யெலோவாட்ஸ் பஸ்ஸில் ஏற்றியது. திரிவுனிடம் கேட்டால் நாலு நாள் ஆகும் என்று தெரிந்து, நேராகச் சுரங்கத்தின் விளக்கறைக்கே போனாள். ஆட்களுக்கு விளக்கும் வில்லையும் கொடுக்கும் இடம் அது. அங்கே இருந்த பேரோ என்பவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. கீழே போகிற ஒவ்வொருவனிடமும் விளக்கைக் கொடுத்து, "நல்லபடியா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் இறங்கிப் போனதும் அவள் பக்கம் திரும்பினார்.

"வெறும் வில்லை ஆறு வேணும். அதே பஞ்ச் அச்சுல, அதே கையால நம்பர் அடிச்சுக் குடுக்கணும்."

"என்ன நம்பர்?"

"மூணுல முந்நூத்திப் பதினெட்டு. மூணுல முந்நூத்தி அம்பத்திரெண்டு."

பேரோ சுத்தியலைக் கையில் எடுத்தவர் அடிக்காமல் நின்றார். "அம்மா, இந்த ரெண்டு நம்பரையும் யாருக்கும் குடுக்கலை. ஆணியில அப்படியே தொங்கட்டும்னு விட்டிருக்கேன்." சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ஆள் கீழே இருக்கும்போது அவன் பேரில் ஓர் அட்டை அங்கே தொங்கும். இரண்டு அட்டைகள் பிப்ரவரியிலிருந்து அங்கேயே இருந்தன.

"யாருக்கும் குடுக்கறதுக்கு இல்லை. நான் சுட்டுப் பார்க்கப் போறேன்."

பேரோ ஒவ்வொன்றாக அடுக்கி வைத்து அடித்தார், ஓங்கி, ஒரே அடி. அவருடைய அடி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று நெர்மானா குனிந்து பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் உலைக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவே ஓடினாள். ஒரு வில்லையை இருநூற்றைம்பது டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தாள்: ஒன்றும் மாறவில்லை, நசுங்கின மணிகள் நசுங்கியபடியே இருந்தன. அறுநூறில் வைத்தது முழுக்க ஒரே மாதிரி பெருத்துவிட்டது, எண் இருந்த சுவடே இல்லை. முந்நூற்றைம்பதில் வைத்தவற்றின் முகத்தை எண் மறையும் வரை தேய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தபோது, பொடி மணிகள் பட்டையாக ஓடின. அவற்றைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் பேரோ அடித்த எண் வந்தது. உலையில் வைக்கும் முன் ஸ்வோன்கோ இரண்டு வில்லைகளை மாற்றி ஒளித்து வைத்துக்கொண்டு, "இது எது, சொல்லு பார்ப்போம்," என்று சோதித்தார். இரண்டையும் சரியாகச் சொன்னாள். மூன்றாவதாக அவளுக்குத் தெரியாமல் எண்ணே அடிக்காத பழைய பித்தளைத் துண்டு ஒன்றையும் கொடுத்தார். அரை மணி நேரம் தேடிவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லை. விளையாடறீங்களா?" என்று அவள் கத்தியபோது அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"ஆடு தெரியாத மேகத்துல நீ ஆட்டைப் பார்க்கலை. போ, இப்ப நிஜத்தைப் பாரு."

நிஜ வில்லையில் முதல் எண் இருந்த இடத்தைத் தண்ணீர் முழுக்க அரித்திருந்தது. அதனால் குறையில்லை, இரண்டு பேருக்கும் அது மூன்றுதான். நடு எண்ணில் பாதிக்கு மேல் பொத்தல். கடைசி எண்தான் ஓரளவு முழுதாக இருந்தது. எட்டு என்றால் எங்கேயும் நேர்க்கோடு வராது, எல்லாம் வளைவு. இரண்டு என்றால் அடியில் ஒரு நேர்க்கோடு வர வேண்டும்.

இடமிருந்து வலமாக ஒரு வரி, பிறகு ஒரு மயிரிழை கீழே, மறுபடி ஒரு வரி. பொடி மணி வந்தால் புள்ளி, வராவிட்டால் வெறும் கட்டம். பக்கத்து அறை ரேடியோவில் யாரோ ஆட்டத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நெர்மானாவுக்கு உள்ளங்கால் அரித்தது, தோள்பட்டை எரிந்தது. எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஓடினால் வரி தப்பிவிடும். ஹசிப்பாக இரு, ஹசிப்பாக இரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டாள்.

மேலே ஒரு வளைவு. அது இரண்டுக்கும் பொது. பிறகு சரிந்து இறங்கும் பட்டை. கடைசி ஐந்து வரிகளில் புள்ளிகள் இடைவெளி இல்லாமல் விழுந்துகொண்டே போயின, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக.

அவள் தாளை ஸ்வோன்கோவிடம் காட்டவில்லை. வில்லையை மட்டும் கொடுத்துத் தனியாகப் பார்க்கச் சொன்னாள். சனிக்கிழமை மதியம் அவர் தன் தாளை அவளுடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு தாளிலும் அடியில் அந்த நேர்க்கோடு இருந்தது. நடு எண்ணில் மிஞ்சிய மேல்பகுதியிலும் குறுக்குப் பட்டை ஒன்று தெரிந்தது. ஒன்று என்ற எண்ணுக்கு அப்படி வராது. ஐந்துக்கு வரும்.

"ஒப்ரென்," என்றார் ஸ்வோன்கோ. பிறகு அவர் ரேடியோவை அணைத்தார்.

திங்கட்கிழமை காலையில் திரிவுன் வந்து தாள்களைப் பார்த்தார், போட்டோக்களைப் பார்த்தார், சுட்டுப் பார்த்த ஆறு வில்லைகளையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதை வெளியில சொல்லித்தான் ஆகணுமா?"

"நான் எழுதிட்டேன்," என்றாள் நெர்மானா.

"நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார் ஸ்வோன்கோ. "கிழிக்கணும்னா சொல்லுங்க, மூணு நகல் இருக்கு, எங்கெங்கே இருக்குன்னு தேடிக் கிழிச்சுக்கலாம்."

திரிவுன் சிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கீழே வரப் போறதில்லை," என்று மட்டும் சொன்னார்.

அன்றும் முதல் பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் இருவரையும் நெர்மானா உள்ளே அழைத்தாள். நாற்காலி போட்டாள். அவள் மட்டும் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று ஆறு நாள் யோசித்தது எல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"ஸ்தானாம்மா, அது ஒப்ரென்," என்றாள்.

ஷெஃபிகாதான் "என்ன?" என்று கேட்டாள், காது சரியாகக் கேட்காதவள்போல.

"இல்லை," என்றாள் ஸ்தானா. "மறுபடி பாரு."

"நாலு தடவை பார்த்தாச்சும்மா. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்."

"நீ பார்த்தா ஆச்சா? எனக்குக் காட்டு."

நெர்மானா அவளை நுண்ணோக்கிக்கு அருகே கூட்டிப்போய்க் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாள். கிழவியின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அதைத் துடைத்து மறுபடி காட்டினாள்.

"பெருசு பெருசா தெரியறது அடி விழாத இடம். இப்ப நகர்த்தறேன். பொடியா, மணல் மாதிரி வருதா? அங்கேதான் பேரோ நம்பர் அடிச்சிருக்கார்."

"வருது."

"இப்ப இந்தப் பக்கம் போறேன். மணல் அப்படியே நேரா போகுது பாருங்க. ரெண்டோட அடிக்கோடு அது. எட்டுல அப்படி வராது."

ஸ்தானா நெடுநேரம் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள், "இது ஏன் மணலாச்சு?"

"சூட்டுல."

"எவ்வளவு சூடு?"

"முந்நூறு, முந்நூத்தம்பது டிகிரி."

"அப்ப அவன் உயிரோட இருந்தானா?"

திரிவுன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெர்மானா அவரைப் பார்க்காமலே கையைக் காட்டித் தடுத்தாள்.

"அது இந்த வில்லைக்குத் தெரியாதும்மா. இதை வச்சு என்னால சொல்ல முடியாது. உடலைப் பார்த்த டாக்டர்கிட்ட கேட்டேன், அவர் சொன்னதைச் சொல்றேன். வெடிச்சதுமே விஷ வாயு பரவியிருக்கும், நெருப்பு அப்புறம்தான் அங்க வந்திருக்கும்னார். அவர் சொன்னது அவ்வளவுதான்."

ஸ்தானா நிமிர்ந்தாள். நெர்மானாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். வயதான கைதான், ஆனாலும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அந்தக் கிழவி அங்கேயே, நுண்ணோக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டு, நாலு மாதமாக அழாததையெல்லாம் அழுதாள். ஸ்வோன்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

ஷெஃபிகா அழவில்லை. எழுந்து போய் ஸ்தானாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுகை கொஞ்சம் தணிந்ததும் திரிவுனைப் பார்த்தாள்.

"அப்ப அவர் அந்தக் கல்லுக்குப் பின்னாடி இருக்காரு."

"இருக்கலாம்," என்றார் திரிவுன்.

"இருக்காரு. தோண்டுங்க."

"ஷெஃபிகா, அந்தக் கூரை..."

"அவர் வேலைக்குப் போன கூரைதானே அது? அப்ப பரவாயில்லையா?"

திரிவுன் மேஜைமேல் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஒப்ரெனை ஆர்த்தடாக்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நெர்மானா போகவில்லை. போகலாமா என்று இரண்டு முறை கோட்டை மாட்டி இரண்டு முறை கழற்றினாள். மறுநாள் காலையில் சுரங்கத்தின் முதல் ஷிப்டுக்கு வந்த ஆட்கள் விளக்கை வாங்கிக்கொண்டு, ஆனால் கீழே இறங்காமல், விளக்கறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். ஹசிப்பை எடுக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் வரை நிலக்கரி இல்லை என்றார்களாம். இரண்டாம் நாள் திரிவுன் எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்காமல், மீட்புக் குழுவுக்கு உரிய உடையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக அவரே இறங்கினார்.

ஜூலையில் நாள்தோறும் தோண்டினார்கள். ஒரு முழம் தோண்டினால் அரை முழத்துக்கு ஒன்றாக மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். நெர்மானா தினமும் காலையில் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை முதலில் திறந்தாள். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அங்கேதான் வரும். கூடத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் அவளே ஓடிப்போய் எடுத்தாள். ஒரு நாள் கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தான் சொன்னது சரி என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. சரியாகச் சொன்னதால் இன்னும் யாராவது போய்விட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் ஹசிப்பைக் கண்டார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தான். அந்தப் பக்கம் நெருப்பு போகவேயில்லை. இடுப்பில் வில்லை இருந்தது, எண்ணும் இருந்தது. யாரும் அதை ஸெனிட்ஸாவுக்கு எடுத்து வர வேண்டியிருக்கவில்லை.

அடக்கத்தன்று ஆண்கள் கல்லறைக்குப் போயிருந்த நேரத்தில் நெர்மானா ஷெஃபிகாவின் வீட்டுக்குப் போனாள். பெண்கள் வீடு நிறைய உட்கார்ந்து பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷெஃபிகா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டாள்.

"வந்தியே, நல்லது. உட்கார்."

"உட்கார முடியாது எனக்கு. ஏதாவது வேலை குடு."

"அப்ப இந்தக் காபிக் கிண்ணத்தையெல்லாம் கழுவு. நாப்பது பேருக்கு மேல வந்தாச்சு."

தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்தானா நின்று கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெர்மானாவைப் பார்த்தாள். துண்டைக் கீழே வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போனாள்.

"விடு," என்றாள் ஷெஃபிகா. "என்கிட்டயும் சில நாள் பேச மாட்டாங்க. சில நாள் என்னைவிட்டு நகரவே மாட்டாங்க. இன்னைக்குக் காலையில வந்து மாவு பிசைஞ்சு குடுத்தது அவங்கதான்."

நெர்மானா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள். கழுவியவற்றைத் துடைக்க ஆளில்லாமல் துணியின்மேல் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்தானா திரும்பி வந்தாள். நெர்மானாவின் முகத்தைப் பார்க்காமல் துண்டை எடுத்து, கவிழ்த்து வைத்ததில் முதல் கிண்ணத்தைத் துடைத்தாள். பிறகு அடுத்ததை. முன்னறையில் பெண்களின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிப் பஸ் போன சத்தம் கேட்டது. தொட்டியில் இன்னும் பாதிக் கிண்ணங்கள் இருந்தன.